சிக்னல் எந்த த்ரெட்டுக்குப் போகும்? லினக்ஸ் சி நிரலர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: என் சர்வரில் 8 த்ரெட்டுகள் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்). சிக்டெர்ம் (நிரலை முடிக்கச் சொல்லும் சிக்னல்) அனுப்பினால் ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஒவ்வொரு முறையும் வேறு வேறு த்ரெட்டில் ஓடுகிறதே?

பதில்: கில் கட்டளை சிக்னலை அனுப்புவது பிராசஸுக்கு. அதை பிளாக் செய்யாத (தடுத்து நிறுத்தி வைக்காத) த்ரெட் எது அகப்பட்டாலும் கெர்னல் அதன் தலையில் கட்டிவிடும். லினக்ஸ் முதலில் மெயின் த்ரெட்டைத்தான் பார்க்கும். அதை நம்பி எழுதாதீர்கள். ஹேண்ட்லர் பிராசஸ் முழுவதற்கும் ஒன்றே, மாஸ்க் (எந்தெந்த சிக்னல்கள் பிளாக் என்ற பட்டியல்) மட்டும் த்ரெட்டுக்கு த்ரெட் தனி.

மெயினில், முதல் த்ரெட்டை உருவாக்கும் முன்பே சிக்டெர்ம், சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அழுத்தினால் வருவது) இரண்டையும் பிதிரெட்_சிக்மாஸ்க் கொண்டு பிளாக் செய்யுங்கள். புது த்ரெட் தன்னை உருவாக்கிய த்ரெட்டின் மாஸ்க்கை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு த்ரெட்டை சிக்வெயிட்டில் (சிக்னல் வரும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன்) உட்கார வையுங்கள். சிக்னல் அங்கே சாதாரண ரிட்டர்ன் மதிப்பாக வரும். மியூடெக்ஸ் (த்ரெட்டுகளுக்கு இடையிலான லாக்) எடுக்கலாம், பதிவுக் கோப்பில் எழுதலாம். ஹேண்ட்லரே வேண்டாம்.

பிதிரெட்_சிக்மாஸ்க் பிழை எண்ணைத் தானே திருப்பித் தரும், எர்நோவில் (வழக்கமாகப் பிழை எண் இருக்கும் மாறி) வைக்காது. எர்நோவைப் படித்துச் செய்தி அச்சிடும் பெர்ரரைப் போட்டுப் பார்த்தால் சம்பந்தமில்லாத செய்திதான் வரும். மெயினுக்கு முன்பே த்ரெட் தொடங்கும் லைப்ரரி இருந்தால் அந்த த்ரெட்டுக்கு இந்த மாஸ்க் போய்ச் சேராது, அதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஹேண்ட்லரில் பிரிண்ட்எஃப் போட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் ஓடி, திடீரென்று உறைந்துவிடுகிறது.

பதில்: ஒரு த்ரெட் மால்லாக்கின் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) உள்ளே, அதன் லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் சிக்னல் வந்தது என்று வையுங்கள். ஹேண்ட்லர் அதே த்ரெட்டின் மேலேறி ஓடும். பிரிண்ட்எஃப் மால்லாக்கை அழைத்தால் அதே லாக்குக்குக் காத்திருக்கும். லாக்கை விட வேண்டியவனோ (பாதியில் நின்ற மால்லாக்) கீழே நிற்கிறான், ஹேண்ட்லர் முடியாமல் நகர மாட்டான். வேறு த்ரெட்டில் ஹேண்ட்லர் ஓடியிருந்தால் சற்றுக் காத்திருந்து தப்பித்திருக்கும்; சோதனையில் சிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஹேண்ட்லர் வைத்தே தீர வேண்டுமென்றால், எர்நோவைச் சேமித்துக்கொண்டு, நிரம்பினாலும் காத்து நிற்க வைக்காத (நான்-பிளாக்கிங்) பைப்பில் ரைட் மூலம் ஒரு பைட் எழுதி, எர்நோவைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் சிக்வெயிட்டுக்கு மாற்றினேன். இப்போது நான் எக்செக் செய்யும் (பிராசஸில் வேறு நிரலை ஏற்றி ஓட்டும்) துணை நிரல் சிக்டெர்முக்கு மசியவில்லை.

பதில்: எக்செக் ஆனதும் ஹேண்ட்லர்கள் இயல்பு நிலைக்குத் திரும்பும், மாஸ்க் திரும்பாது. ஃபோர்க்குக்குப் (குழந்தை பிராசஸை உருவாக்கும் அழைப்பு) பின், எக்செக்குக்கு முன், குழந்தை பிராசஸில் மாஸ்க்கைக் காலி செய்யுங்கள். சந்தேகமிருந்தால் ப்ராக் கோப்பகத்தில் அந்த பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து சிக்பிஎல்கே வரியைப் பாருங்கள். 0000000000004002 (பதினறும எண், ஒவ்வொரு பிட்டும் ஒரு சிக்னல்) என்றிருந்தால் 2, 15 ஆகிய எண்கள், அதாவது சிக்இன்ட்டும் சிக்டெர்மும், இன்னும் பிளாக்கில் உள்ளன.

கேள்வி: சிக்செக்வியையும் (தவறான நினைவக அணுகலுக்கு வரும் சிக்னல்) அதே சிக்வெயிட் த்ரெட்டில் பிடிக்கலாமா?

பதில்: முடியாது. தவறு செய்த த்ரெட்டுக்கே அது போகும். அங்கே பிளாக் ஆகியிருந்தால் கெர்னல் பிராசஸையே கொன்றுவிடும். எல்லா சிக்னல்களையும் ஒரேயடியாகப் பட்டியலில் சேர்க்கும் சிக்ஃபில்செட் போடுபவர்கள், பிழையால் எழும் சிக்செக்வி, சிக்பஸ், சிக்எஃப்பிஇ, சிக்இல் நான்கையும் அதிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கேள்வி: 10 குழந்தை பிராசஸ்கள் முடிந்தன, சிக்சைல்டு (குழந்தை முடிந்ததைச் சொல்லும் சிக்னல்) 3 முறைதான் வந்தது.

பதில்: சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. ஒன்று நிலுவையில் இருக்கையில் அதே சிக்னல் மறுபடி வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் வெயிட்பிட்டை (முடிந்த குழந்தையை வாங்கும் அழைப்பு) டபிள்யூநோஹேங்குடன் (காத்திருக்காதே என்ற விருப்பம்), 0 அல்லது -1 வரும்வரை சுற்றுங்கள்.