விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றும் உள்ள சிறிய அலுவலகத்தில் பைல்களைப் பகிர எஸ்எம்பி நல்லதா, என்எப்எஸ் நல்லதா?

எஸ்எம்பி (SMB), என்எப்எஸ் (NFS) இரண்டும் நெட்வேர்க் வழியாகப் பைல்களைப் பகிரும் முறைகள். கேட்டிருப்பவருக்கு வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகம். இரண்டு விண்டோஸ் 11 ப்ரோ, ஒரு மேக், பைல்களை வைத்திருக்க ஒரு உபுண்டு (லினக்ஸ் வகை) கணினி. புது விண்டோஸ் வந்த பிறகு பழைய போட்டோகொப்பி மெஷினில் எடுக்கும் ஸ்கேன் போல்டருக்கு வருவதில்லையாம். "எஸ்எம்பி 1-ஐ (எஸ்எம்பியின் பழைய பதிப்பு) ஒன் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒன் பண்ணாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப்போட்ட வனாக்ரை என்ற கெட்ட மென்பொருள் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த துளை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்தத் துளை இன்று அடைபட்டிருந்தாலும் எஸ்எம்பி 1-இல் என்கிரிப்ஷன் (தகவலை மறைத்து அனுப்புவது) கிடையாது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 (1709) முதல் புதிதாக நிறுவும்போது அது கூடவே வருவதில்லை. அடுத்தவர்களின் வரிக் கணக்குகள் கிடக்கும் நெட்வேர்க்கில் ஒரு ஸ்கேனருக்காக அதைத் திரும்பக் கொண்டுவருவது சரியில்லை.

கொழும்பில் சில சிறிய அலுவலகங்களின் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த முறைப்பாடு வந்தால் நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் எஸ்எம்பி சைனிங் (வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை போடுவது) கட்டாயம். பழைய மெஷினுக்கு அது தெரியாவிட்டால் விண்டோஸ் கதவைத் திறக்காது. இன்னொன்று பின் நம்பர். கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் அந்தக் கணினிக்கு மட்டும்தான், நெட்வேர்க் வழியாக வருபவர் அதைக் கொடுத்து உள்ளே வர முடியாது. மெஷினின் அட்ரஸ் புக்கில் பின்னைப் போட்டுவிட்டு நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்ட் போட்டு, அதை மெஷினில் கொடுங்கள். அப்புறம் மெஷினின் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து, எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா, புது பர்ம்வேர் (மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) கிடைக்குமா என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் ஸ்கேனை எப்டிபி (FTP) என்ற பழைய பைல் அனுப்பும் முறை வழியாக உபுண்டுவுக்கு அனுப்புங்கள். எப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போகும். ஆகவே அந்தப் பயனருக்கு ஒரே ஒரு போல்டர்தான், இணையத்திலிருந்து அதற்குள் வர ரவுட்டரில் போர்ட் (வாசல்) திறக்கவே கூடாது.

சரி, எஸ்எம்பியா என்எப்எஸ்ஸா? உங்கள் இடத்தில் எஸ்எம்பிதான், அதுவும் 2-க்குக் கீழே போகாமல். உபுண்டுவில் சம்பாவை (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள்) போட்டால் போதும். 2019-இல் வந்த 4.11 முதல் சம்பாவும் எஸ்எம்பி 1-ஐத் தானாக ஏற்பதில்லை. மேக் 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் எஸ்எம்பியைத்தான் முதலில் எடுக்கிறது. சம்பாவில் புரூட் என்ற மொட்யூலைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேக் தொட்ட போல்டரிலெல்லாம் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிப் பைல்கள் மற்றவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் போல்டர் வேண்டாம், 24எச்2 ப்ரோ அதைத் திறக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பா பயனர். உபுண்டுவின் ஐபியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவையுங்கள். கரன்ட் போய் வந்ததும் முகவரி மாறிவிட்டால் எல்லோருடைய டிரைவும் சிவப்புக் குறி காட்டும்.

என்எப்எஸ் மோசமானதல்ல. 1984-இல் சன் நிறுவனம் கொண்டுவந்தது, லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் விண்டோஸின் என்எப்எஸ் கிளையன்ட் (பைலைக் கேட்டு வாங்கும் பக்கம்) என்எப்எஸ் பதிப்பு 3-உடன் நின்றுவிட்டது, விண்டோஸ் ஹோமில் அது இல்லவே இல்லை. பெரிய சிக்கல் ஆளை அடையாளம் காண்பது: வழக்கமான அமைப்பில் கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை என்எப்எஸ் அப்படியே நம்பும். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000, மேக்கில் 501. ஒரே ஆள் இரண்டு கணினியிலும் உட்கார்ந்தாலும் என்எப்எஸ்ஸுக்கு அவர் இரண்டு ஆள்.

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இதையும் கேளுங்கள், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "கொ" என்பதை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒகரக் குறியும், அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாக. மேக்கிலிருந்து என்எப்எஸ் வழியாகப் பிரிந்த வடிவம் போய்ச் சேர்ந்தால், லினக்ஸில் "கொழும்பு" என்று பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு போல்டர் நிற்கும். சிங்களத்தில் "கொ" எழுதினாலும் இதே கதைதான். மேக்கில் என்எப்எஸ் போல்டரை இணைக்கும்போது (மவுன்ட்) பெயர்களைச் சேர்ந்த வடிவத்தில் அனுப்ப என்எப்சி (nfc) என்றொரு தெரிவு இதற்காகவே இருக்கிறது.

நீளமும் அப்படித்தான். விண்டோஸில் பைல் பெயர் 255 குறிகள் வரை போகலாம். உபுண்டு டிஸ்க்கில் பைல்களை அடுக்கும் வழக்கமான முறையான எக்ஸ்ட்4-இல் எல்லை 255 பைட். தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்கு நான்கெழுத்தான கொழும்பு 24 பைட் தின்னும். மொத்தமாக 85 குறிகள்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் பெயர், வருடம், "வருமான வரி விபரத்திரட்டு", "திருத்தியது", "இறுதி" என்று நீட்டிக்கொண்டே போன பைல்கள் விண்டோஸில் சும்மா இருக்கும், உபுண்டுவுக்கு மாற்றும்போது பாதியில் நிற்கும். மாற்றுவதற்கு முன் வருடத்தையும் வாடிக்கையாளரையும் போல்டர்களாகப் பிரித்துப் பெயர்களைச் சுருக்கிவிடுங்கள்.