மாடித்தோட்டத் தொட்டியில் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் மண்ணின் நல்ல உயிர்களும் சாகுமா?

ஐப்பசி மழையில் தக்காளி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது, கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றலாமா, மண் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். சென்னை மழையில் நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் பித்தியம் என்ற நோய்க்கிருமி. அது உண்மையில் பூஞ்சையே அல்ல, கார்பென்டசிம் அதனிடம் எடுபடாது. நோய் அப்படியே இருக்கும், நல்லவைதான் அடிபடும்.

பழைய தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். மட்கும் இலைமேல் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். அதுவும் பூஞ்சைதான். இலைக்குள் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தை அவிழ்த்துவிடுவது அதன் வேலை. இன்னொன்று, வேருக்குள்ளேயே குடியிருக்கும் மைக்கோரைசா. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். கார்பென்டசிம் வகை மருந்து இந்தக் கொடுக்கல் வாங்கலையே குலைத்துவிடும்.

பாக்டீரியாவும் தப்புவதில்லை. மாங்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி, அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை மந்தமாக்கும். ஆனால் அந்த மருந்து நாளடைவில் சிதைந்துவிடும், மண்ணும் ஓரளவு மீளும். எனக்குப் பெரிய கவலை செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிதான். செம்பு தனிமம், சிதையவே சிதையாது. 1885 முதல் போர்டோ கலவை என்ற செம்பு மருந்தைத் தெளித்த பிரான்சின் திராட்சைத் தோட்ட மண்ணில் இன்றும் செம்பு தேங்கிக் கிடக்கிறது. சின்னத் தொட்டி எவ்வளவு தாங்கும்?

முதலில் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், நாற்றை மழைபடாத இடத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். ஏற்கெனவே கார்பென்டசிம் ஊற்றியிருந்தால் சில வாரம் பொறுங்கள், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே. அதேபோல் நோயை அடக்கப் போடும் சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அதற்குக் காத்திருக்க வேண்டாம்.