பழைய ஆலயமும் பழைய ரிஜிஸ்டரும்

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம் எங்கள் ஊர். லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கத்தின் காலத்து ஆலயம். சுவரில் காரை உதிர்கிறது, பண்டிகைக்குப் பாதிப்பேர் வெளியே நிற்கிறோம். இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்கிறது கமிட்டி. பெரியவர்களுக்கு மனசில்லை. இளைஞர்களோ, வெள்ளைக்காரன் கட்டியதுதானே என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இடிக்காதீர்கள். வெள்ளைக்காரன் கட்டியது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடிஸ் என்ற மிஷனரி 1830இல் கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கினார், சரி. ஆனால் செங்கல் அறுத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்து வைத்த பெண்கள் எல்லாம் யார்? ஈரோட்டில் ஆஸ்திரேலியாக்காரரான பிரப் என்ற மிஷனரியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆலயத்தைப் பாருங்கள், இந்தோ-சாரசெனிக் பாணி, இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச்சின் சாயலே இல்லை. அதே ஈரோட்டில் இருந்த பாப்ளி என்ற மிஷனரி நம் சங்கீதத்தைக் கற்று 1921இல் இந்திய இசை பற்றி நூல் எழுதினார், 1931இல் குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கொடுத்தார். வந்தவர்களையும் இந்த ஊர் மாற்றியிருக்கிறது.

அப்புறம், கட்டடத்தைவிட எனக்குப் பதற்றம் தருவது உங்கள் ஆலய பீரோவில் இருக்கும் ரிஜிஸ்டர்கள்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனி நோட்டுகள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், கடைசியில் ஆயர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். கொங்கு நாட்டில் நிலமோ பத்திரமோ பட்டாவோ இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு, பண்ணையத்திலும் தோல் வேலையிலும் உழைத்தவர்களுக்கு, கொள்ளுப்பாட்டன் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். சபைக்குள்ளும் சாதி இருந்தது, தனித்தனியே உட்கார வைத்த கதைகளை நீங்களே கேட்டிருப்பீர்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நோட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டம்தான். இடிக்கும் அவசரத்தில் மூட்டை கட்டி வைத்து கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். போனிலாவது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

காரை உதிர்வதற்குச் சிமெண்ட்தான் காரணமா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் பிற்பாடு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொடிப்பொடியாக உதிரும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது சிரமம், ஆனால் கிடைப்பார். இன்ஜினியர் ஒருவரிடம் கூரை மரத்தையும் காட்டுங்கள்.

கூட்டத்துக்கு இரண்டு ஆராதனை வையுங்கள், பண்டிகைக்குப் பந்தல் போடுங்கள், காசு இருந்தால் பக்கத்தில் ஒரு ஹால் கட்டுங்கள்.

இன்னொன்று, 1947இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாகும் முன்பு லண்டன் மிஷன் சபைகளில் சபையாரே கூடிப் பேசித் தீர்மானிக்கும் மரபு உண்டு. அதைச் சொல்லியே பொதுக்கூட்டம் கேளுங்கள். ஆலயச் சொத்து பெரும்பாலும் திருச்சபை டிரஸ்ட் பெயரில் இருக்கும், ஊர்க் கமிட்டி மட்டும் நினைத்து இடித்துவிட முடியாது. கூட்டத்துக்குப் போகும்போது இன்ஜினியர் எழுதிக் கொடுத்ததைக் கையில் வைத்திருங்கள், மனசில்லாத அந்தப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.