போறியோ என்று கேட்கிற ஓ

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 19, ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். சேர்ச்சில் கிற்றார் பழகினேன். ஆங்கில றொக் பாட்டுகளை நன்றாகப் பாடுவேன். சொந்தமாகத் தமிழில் எழுதினால் சினிமாப் பாட்டு மாதிரி வருகிறது. கத்திப் பாடினால் அடுத்த நாள் குரல் அடைக்கிறது. கூட வாசித்த நண்பனும் கனடா போய்விட்டான், அவனுடைய கிற்றார் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு இது சரிவருமா? ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சரிவரும் தம்பி. மூன்று தடவை கேட்டேன், கை சுத்தமாக ஓடுகிறது. சிக்கல் சொல்லில்தான் இருக்கிறது. "மலையில் தனியே நின்றேன்" என்ற இடத்தில் 'ம'வை நீட்டுகிறீர்கள். காதில் "மாலையில்" என்று விழுகிறது. தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். நீண்ட சுரம் வருகிற இடத்தில் நெடில் எழுத்தை வையுங்கள். அதோடு, மலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஏன் மலையில் நிற்க வேண்டும்?

உங்கள் பாட்டு கடிதத்திலேயே இருக்கிறது. போன நண்பன், அவன் விட்டுப்போன கிற்றார். அவனோடு போனில் எப்படிக் கதைப்பீர்களோ, அந்தத் தமிழிலேயே எழுதுங்கள். "போறியோ?", "திரும்பி வருவியோ?" என்று நாங்கள் கேட்கிற கேள்விகள் ஓகாரத்தில் முடிகின்றன. அந்த ஓ-வை எவ்வளவு நேரம் இழுத்தாலும் பொருள் கெடாது. றொக் பாடகனுக்கு வாய் திறந்து பாட இதைவிட நல்ல எழுத்து கிடைக்காது. 1970களில் ஈழத்துப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் பொப்பிசைப் பாட்டுகள் சனத்திடம் ஒட்டிக்கொண்டதற்கு, அவை எங்கள் பேச்சில் இருந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

குரலுக்கு வருவோம். ஏ (A) சுருதியில் பாடுவது உங்களுக்கு உயரம். ஜி-க்கு (G) இறக்குங்கள். ஏ, டி, ஈ கோட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுகிற chords) பிடித்த இடங்களில் ஜி, சி, டி வரும், இரண்டு அரைச்சுரம் குறையும். கரகரப்பைத் தொண்டையை இறுக்கி வரவழைக்க வேண்டாம். மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்தே இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முதலில் கிற்றார் இல்லாமல் வரிகளைச் சொல்லிப் பாருங்கள், காலால் தாளம் தட்டிக்கொண்டு. சொல்லும்போது வாய் தடுக்குகிற வரியை வெட்டிவிடுங்கள். அப்புறம் கோட்ஸ் போடலாம், மூன்றே போதும்.

போனில் பதிந்ததும் முதலில் கனடாவுக்கு அனுப்புங்கள். பிறகு எனக்கு.