நல்ல வேலைக்குப் போவதற்காக விடாமல் படித்தும் மனத்தில் நிற்கவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் குறை முயற்சியில் இருக்காது, முறையில்தான் இருக்கும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அதையே புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம்.

புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ, அந்தப் பகுதியை மட்டும் திறந்து படியுங்கள். திணறும்போது எரிச்சல் வரும். ஆனால் நன்றாகப் பதிவது அப்போதுதான். மறுநாள், நான்காம் நாள், பத்து நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார்.

வாரக் கடைசியில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட தினம் 40 நிமிடம் படிப்பது மேல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்காதீர்கள். அந்தப் பாக்கி சேர்ந்து மிரட்டுவதால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். வழக்கமான 40 நிமிடமே போதும்.