சோலார் மலிந்தது, கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம். அவர்களுக்குத் தனி மீட்டர். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார், 12 லட்சம் கையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடுகிறது, பில் 3,300 ரூபாய் வரை வருகிறது. சோலார் விலை சரிந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் பில் சரியக் காணோம். சோலார் போடுகிறவர் ஒருவர் வந்து 3 கிலோவாட் போடச் சொன்னார். பையனோ அந்தப் பணத்தில் சோலார் கம்பெனி ஷேர் வாங்கலாம் என்கிறான். என்ன செய்யட்டும்? பில்லின் படமும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, விலை சரிந்தது உண்மைதான். 2010-ல் மத்திய அரசு நடத்திய முதல் சோலார் ஏலத்தில் யூனிட் சராசரியாக 12 ரூபாய்க்கு மேல் போனது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் அது 1.99-க்கு வந்தது. ஆனால் இப்படி மின்சாரம் வாங்கப் போடும் ஒப்பந்தங்கள் 25 வருஷக் கணக்கு. கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு நம் மின்வாரியம் ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். சந்தை விலை அப்புறம் எங்கே விழுந்தாலும் அந்த மின்சாரத்துக்கு அதே விலைதான். இது போக, பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் ஃபேனும் ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் சோலார் கிடையாது. எண்ணூர்ப் பக்கம் தெரிகிறதே புகைபோக்கி, அந்த நிலக்கரிதான் கைகொடுக்க வேண்டும்.

அப்போது யாருக்கு லாபம்? சொந்தமாகக் காற்றாலையும் சோலாரும் வைத்து, மின்வாரியக் கம்பி வழியே தங்கள் மின்சாரத்தைக் கொண்டுவரும் மில்களுக்கு. வீடுகளில், சொந்த மொட்டை மாடியும் பெரிய பில்லும் இருப்பவர்களுக்கு. 200 யூனிட்டுக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-ம் மலிவு. சோலார் போட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு பேனல் மாட்டத் தனி மாடியே கிடையாது.

உங்களுக்கு மாடியும் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. போடலாம். ஆனால் 3 கிலோவாட் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். சென்னை வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 640-ல் அது போனால் மீதி 400. குறைவது உச்சியில் இருக்கும் யூனிட்கள், அதாவது 6, 8, 9 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்களே அவை. அதோடு 500-ஐத் தாண்டாததால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலையும் திரும்பக் கிடைக்கும். பில் 1,200 பக்கம் வந்துவிடும். இரண்டாவது கிலோவாட்டுக்கு அந்த 1,200-ம் நூற்றைம்பது பக்கம் போகும். மூன்றாவது கிலோவாட் எதைக் குறைக்கும்? அது பெரும்பாலும் அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைத்தான் நிரப்பும். அதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 மானியம், மூன்றாவதுக்கு 18,000 மட்டும். நான் பார்த்த கொட்டேஷன்களில் கிலோவாட்டுக்கு 65,000 முதல் 75,000 வரை கேட்கிறார்கள். மானியம் போக 1 கிலோவாட் உங்களுக்கு 40,000 சொச்சம். மழை மாதங்களைக் கழித்தாலும் வருஷம் 11,000, 12,000 மிஞ்சும். அதே 40,000-ஐ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் வட்டி 3,280. அங்கே அசல் திரும்ப வரும், இங்கே வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படியும் நாலு வருஷத்துக்குள் போட்டதை எடுத்துவிடலாம். இரண்டாவது கிலோவாட்டுக்கு ஆறேழு வருஷம் ஆகும், ஏ.சி. இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதையும் சேர்த்துப் போடுங்கள். முதலில் முழுப் பணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். மானியத்துக்கு இந்தியத் தயாரிப்பு பேனல்தான் செல்லும். வெளிநாட்டு பேனலை விட விலை கூடுதல் என்பதால், உலகச் சந்தையில் விழுந்த விலை முழுசாக உங்கள் மாடிக்கு வராது.

கரண்ட் கட்டானால் இந்த சோலாரும் நின்றுவிடும், பகலிலும். பேட்டரி இருந்தால்தான் ஓடும். இதை முன்கூட்டிச் சொல்கிறவர்கள் குறைவு. அப்புறம் உப்புக் காற்று. ராயபுரத்தில் என் வீட்டில் போட்ட பேனலின் போல்ட் இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்தது. போட்டவரைக் கேட்டால் "கடல் பக்கம் சார்" என்றார், கடல் நேற்றுத்தான் வந்த மாதிரி. துத்தநாகம் பூசிய தாங்கியும் எவர்சில்வர் போல்ட்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வாரம் ஒருமுறை தூசியைக் கழுவிவிடுங்கள். மாடியில் கருவாடு காயப்போடும் இடத்தை அப்படியே விடலாம், 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும்.

பையன் சொல்வதில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. பொருள் விலை சரிந்தால் வாங்குகிறவருக்கு லாபம். விற்கிறவருக்கு அது அடி. ஒரு காலத்தில் உலகிலேயே அதிக பேனல் தயாரித்த சீனாவின் சன்டெக், 2013-ல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. நம் ஊர் சுஸ்லான் காற்றாலைக் கம்பெனியின் ஷேர் 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல். 2020-ல் அதைச் சில ரூபாய்க்கு வாங்க முடிந்தது. அவன் சம்பாதிக்கிற பணத்தில் அவன் வாங்கட்டும். ஓய்வுப் பணத்தைத் தொட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பில்லில் மாமனார் பெயர்தான் இருக்கிறது. மானிய விண்ணப்பமும் மீட்டர் இணைப்பும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். ஆகவே சோலார்காரருக்கு முன்பணம் கொடுக்காமல், முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். மாடி மீட்டரில் கோர்த்துவிடாமல் உங்கள் மீட்டரிலேயே இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செலவு உங்களுக்கு, மிச்சம் குடித்தனக்காரருக்கு.