'ன்' என்றாலும் ஒரு மாத்திரை: ஜப்பானிய பாப் இசை, வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானியப் பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடிப் பழகுகிறேன். மெட்டு பிடிபட்டுவிட்டது. ஆனால் வரி மட்டும் எப்போதும் மெட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: மாத்திரைக் கணக்கில். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் இலக்கணம். ஜப்பானிய மொழியிலும் குறில் நெடில் கணக்கு இதேதான். அங்கே 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண். நடுவில் நீட்டி 'ஒபாஸன்' என்றால் பாட்டி. படத்துக்கும் பாடத்துக்கும் வேறுபாடு தெரிந்த காதுக்கு இது புதிதல்ல. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் நம்மிடம் இருப்பதால், மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தைத் தமிழர்கள் எளிதாகத் தாண்டிவிடலாம்.

சிக்கல் மெய்யில். ஜப்பானிய மொழியில் தனித்து நிற்கும் 'ன்' ஒரு முழு மாத்திரை. இரட்டிக்கும் மெய்யின் முதல் பாதியும் முழு மாத்திரை. 'நிஹொன்' (ஜப்பான்) நமக்கு இரண்டரை, அவர்களுக்கு மூன்று: நி–ஹொ–ன். அஞ்சல்தலையைக் குறிக்கும் 'கித்தெ' மூன்று: கி–த்–தெ. தலைநகரின் பெயர் நான்கு: தொ–ஒ–க்யொ–ஒ. நாம் வழக்கமாக எழுதும் 'டோக்கியோ'வை அப்படியே பாடினால் இரண்டு மாத்திரை கூடிவிடும். மெட்டமைப்பவர் பொதுவாக மாத்திரைக்கு ஒரு ஸ்வரம் என்று வைப்பதால், 'ன்' மீதும் தனி ஸ்வரம் விழும். அந்த அரை மாத்திரைகளை நீங்கள் விழுங்கிவிடுவதால்தான் வரி முந்திப் போகிறது. வேகமான இன்றைய பாடல்களில் ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு மாத்திரையை அடைப்பதும் உண்டு. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

வரியை மாத்திரை மாத்திரையாகக் கோடிட்டு எழுதுங்கள். மெட்டில்லாமல், மாத்திரைக்கு ஒரு கைத்தட்டு வீதம் நான்கு வரி மட்டும் வாசியுங்கள். கை இடறாமல் வந்தபின் பாடலை முக்கால் வேகத்தில் ஓடவிட்டுச் சேர்ந்து சொல்லுங்கள். மெட்டைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

தமிழ் எழுத்தால் வரும் இடைஞ்சல் இன்னொன்று: வல்லினம். நம் 'க' இடத்துக்கு இடம் ஒலி மாறும். 'கடல்' வேறு, 'தங்கம்' வேறு. ஜப்பானிய மொழியில் அவை இரண்டும் தனித்தனி எழுத்து. கடல் ஒலியில் 'ககி' என்றால் ஒரு பழம். இரண்டாவது எழுத்தைத் தங்கத்தின் ஒலியில் சொன்னால் சாவி. 'ஸக' என்றால் சரிவான பாதை. வன்மை போய்விடக் கூடாதென்று 'ஸக்க' என்று எழுதினால் அது 'எழுத்தாளர்' ஆகிவிடும். இதற்கான தீர்வு தமிழிலேயே இருக்கிறது. ஸ்லோகப் புத்தகங்களில் க³, த³, ப³ என்று எண் போட்டிருப்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாவிட்டால் எந்த இடத்திலும் வன்மையாகச் சொல்ல வேண்டும்; ³ இருந்தால் மென்மை. பழம் 'ககி', சாவி 'ககி³'. 'ன்' அடுத்து 'க' வந்தால் 'ங்க' என்று சேர்க்காதீர்கள். நலம் என்ற பொருளுள்ள சொல் 'கெ³ன்கி'. 'கெங்கி' என்று எழுதினால் நாக்கு தானாக 'க'வைக் குழைத்துவிடும்.

ரோமன் எழுத்தில் கிடைக்கும் வரிகளிலிருந்து படியெடுத்தால், சொல்லுக்குப் பின்னால் தனியே நிற்கும் 'ஹ' இடைச்சொல்லாக இருக்கலாம்; அப்போது அதை 'வ' என்றுதான் உச்சரிக்க வேண்டும். அதேபோல 'ஹெ'யை 'எ' என்றும் 'வொ'வை 'ஒ' என்றும் சொல்ல வேண்டும். பேச்சில் 'தெ³ஸ்' என்று தேயும் சொல்லைப் பாட்டில், அந்த உகரத்தின் மேல் ஸ்வரம் இருந்தால், 'தெ³ஸு' என்று முழுதாகப் பாடுவார்கள்.

கேள்வி: ஜப்பானுக்குப் போகும்போது ஒரு பெரிய அரங்க நிகழ்ச்சி பார்க்க ஆசை. டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளில் காத்திருந்து வாங்கினால் போதுமா?

பதில்: பெயர் பெற்ற கலைஞர் என்றால் அந்த நாளில் பெரும்பாலும் மிச்சம் எதுவும் இருக்காது. அங்கே முந்தி வந்தவருக்கு முதல் என்ற முறை கடைசிக் கட்டம்தான். அதற்கு முன் பல சுற்றுக் குலுக்கல் நடக்கும். முதலில் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு, பிறகு சில நேரம் புதிய இசைத்தட்டில் வரும் வரிசை எண் வைத்திருப்பவர்களுக்கு, அதன்பின் 'பிளே கைட்' எனப்படும் டிக்கெட் நிறுவனங்களின் முன்பதிவுச் சுற்றுகள். எல்லாம் முடிந்து மிஞ்சினால்தான் பொது விற்பனை. எனவே தேதி அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பக் கெடுவைப் பாருங்கள். நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே முதல் சுற்று முடிந்துவிடுவது சாதாரணம்.

விண்ணப்பத்தில் வெளிநாட்டு ரசிகர்கள் சிக்கும் இடங்கள் சில. முதலாவது தொலைபேசி எண். பல தளங்கள் ஜப்பானிய எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ அழைப்போ அனுப்பிச் சரிபார்க்கும். சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும் தருவதால் அங்கேயே நின்றுவிடும். அடுத்தது பெயர். உச்சரிப்புப் பெட்டியில் முழு அகலக் கதகனா (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) மட்டும்தான் செல்லும். அரை அகல எழுத்தோ ரோமன் எழுத்தோ போட்டால் பிழை என்று திரும்பும். பெயரைக் கடவுச்சீட்டில் இருப்பது போலவே கொடுங்கள், ஏனென்றால் வாசலில் அடையாளச் சோதனை நடக்கலாம். உடன் வருபவரின் பெயரையும் முன்கூட்டியே கேட்கும் நிகழ்ச்சிகள் உண்டு. பிறகு மாற்ற முடியாது. கடன் அட்டையைக் கொடுத்து விண்ணப்பித்தால், குலுக்கலில் பெயர் விழுந்தவுடன் பணம் தானாகக் கழிந்துவிடும். ரத்து கிடையாது. ஆகவே உறுதியாகப் போக முடிகிற தேதிக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். கடையில் கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுத்தால் கெடு சில நாள்தான். தவறினால் இடம் போய்விடும்.

டிக்கெட் நிறுவனங்களில் வாங்கியது காகித டிக்கெட் என்றால், பியாவில் வாங்கியதைச் செவன்-லெவனிலும், இ-பிளஸில் வாங்கியதை ஃபேமிலிமார்ட்டிலும், லாசன் டிக்கெட்டில் வாங்கியதை லாசன் கடையிலும் எண்ணைக் காட்டி அச்சிட்டு வாங்கலாம். இ-பிளஸ், பியா இரண்டுக்கும் வெளிநாட்டினருக்கான தனி விற்பனைப் பக்கம் உண்டு. எல்லா நிகழ்ச்சியும் அதில் வராது, ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கிடைக்கவில்லையே என்று மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். 2019 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மறுவிற்பனைக்குத் தடை என்று அச்சிட்டு, வாங்குபவர் விவரத்தோடு விற்கப்படும் டிக்கெட்டைத் தொழிலாக அதிக விலைக்கு விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்கிய ரசிகர் சிறைக்குப் போகமாட்டார்; ஆனால் பெயர் பொருந்தாததால் வாசலில் நிறுத்தப்படலாம். வர முடியாதவர்கள் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரபூர்வ மறுவிற்பனை பல நிகழ்ச்சிகளுக்கு உண்டு. நிகழ்ச்சி நெருங்கும் வாரங்களில் அதைத் தினமும் பாருங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் 'பானக் கட்டணம் தனி' என்றும், இருக்கை எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண்ணும் இருக்கிறது.

பதில்: நீங்கள் போவது 'லைவ் ஹவுஸ்' எனப்படும் சிறிய நின்று பார்க்கும் அரங்கு. இவை பெரும்பாலும் உணவகமாகப் பதிவு பெற்று நடப்பவை. அதனால் வாசலில் ஒவ்வொருவரும் ஒரு பானத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். சுமார் 500, 600 யென். சில்லறையாக வைத்திருங்கள். கையில் தரும் வில்லையை உள்ளே கொடுத்துப் பானம் வாங்கலாம். அந்த எண் உள்ளே நுழையும் வரிசை. பணியாளர் எண்ணை ஜப்பானிய மொழியில் கூப்பிடுவார், ஆகவே உங்கள் எண் எப்படி ஒலிக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தவறவிட்டால் அப்போது உள்ளே போய்க்கொண்டிருப்பவர்களோடு சேர வேண்டியதுதான். பையை லாக்கரில் வைக்க 100 யென் நாணயங்கள் தேவைப்படும். அரங்க லாக்கர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ரயில் நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்பாக வருகிறது. எதை வாங்குவது? ஏன் எப்போதும் புதன்கிழமை?

பதில்: 'ஷொகய்' என்று தொடங்கும் முதல் வரையறைப் பதிப்பில் காணொளித் தட்டோ படப் புத்தகமோ இருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். வழக்கமான பதிப்பு விலை குறைவு, ஆனால் மட்டமானது அல்ல. காணொளிக்கு ஈடாகக் கூடுதல் பாடலோ, குரலில்லாத இசைத் தடமோ அதில் மட்டும் வருவது உண்டு. பாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் பாடல் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் வழக்கமான பதிப்பே போதும் என்பது எங்கள் கருத்து.

புதன்கிழமைக்குக் காரணம், இசைத்தட்டு விற்பனையை வாரந்தோறும் கணக்கிடும் ஒரிகான் தரவரிசை. அதன் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. புதன் வெளியீடு கடைக்குச் செவ்வாயே வந்து விற்கத் தொடங்கிவிடும். முதல் வாரக் கணக்கில் ஆறு நாள் விற்பனை சேரும்.

டிக்கெட் குலுக்கலுக்காக உள்ளே வரும் வரிசை எண்ணை நம்பி வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டாம். தட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்திருக்கலாம். முடியாவிட்டாலும் ஜப்பானிய முகவரி கேட்கலாம். கடைக்குக் கடை வேறுபடும் இலவச இணைப்பும் அப்படியே: கடை தன் பக்கத்தில் 'இணைப்பு உண்டு' என்று எழுதியிருந்தால் மட்டும் எதிர்பாருங்கள்.

சுவரொட்டி இணைப்பு என்றால் அனுப்பும் செலவைக் கணக்கிடுங்கள். தனியார் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடைக்கும் கட்டணம் போடுவார்கள். பி2 அளவுச் சுவரொட்டி 51.5 × 72.8 செ.மீ. அதைச் சுருட்டி 10 × 10 × 60 செ.மீ. பெட்டியில் வைத்தால் உண்மை எடை சில நூறு கிராம்தான், கட்டணமோ 1.2 கிலோவுக்கு. ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். என்ற விரைவு அஞ்சல் உண்மை எடைக்கே கட்டணம் வாங்குகிறது. நீளமான, இலேசான பொருளுக்கு அதுவே இலாபம்.

கேள்வி: அங்கிருந்து வாங்கிய நிகழ்ச்சித் தட்டு இங்கே ஓடுமா?

பதில்: இசைத்தட்டு எங்கும் ஓடும். டிவிடிக்கு ஜப்பான் 2ஆம் மண்டலம். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. புளூ-ரேயில் ஜப்பான் 'ஏ' மண்டலம். சிங்கப்பூர், மலேசியா, வட அமெரிக்கா எல்லாம் அதிலேயே சேரும். ஐரோப்பா 'பி', தெற்காசியா 'சி'. வாங்கும் முன் உறையின் பின்பக்கம் உள்ள மண்டலக் குறியைப் பாருங்கள். கணினி டிவிடி இயக்கியில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்ததே நிலைத்துவிடும்.

கேள்வி: ரசிகர்கள் பேசும் சொற்கள் அகராதியில் வேறு பொருள் தருகின்றனவே?

பதில்: 'ஒஷி' என்றால் நீங்கள் ஆதரிக்கும் கலைஞர், பரிந்துரைப்பது, முன்னே தள்ளுவது என்ற வினையிலிருந்து வந்தது. குழுவையே மொத்தமாக ஆதரித்தால் 'ஹகொ ஒஷி'. 'ஹகொ' என்றால் பெட்டி. 'கெ³ன்ப³' அகராதியில் சம்பவ இடம், ரசிகருக்கு நிகழ்ச்சி நடக்கும் இடம். வெளியூர் நிகழ்ச்சிக்குப் போவது 'என்ஸெய்', அதாவது படையெடுப்பு! 'என்ப³ன்' வட்டத் தகடு, இங்கே டிவிடியும் புளூ-ரேயும். 'ரென்ப³ன்' அடுத்தடுத்த இருக்கை. குலுக்கல் முடிவில் 'தோசென்' என்று இருந்தால் கிடைத்துவிட்டது, 'ரகுசென்' என்றால் இல்லை.

கேள்வி: ரசிகர் கடிதம் அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. முதலில் அந்தக் கலைஞரின் நிறுவனத் தளத்தில் விதியைப் படியுங்கள். கடிதம் மட்டும் ஏற்று, பரிசுகளைத் திருப்பிவிடும் நிறுவனங்கள் பல. நிறுவன முகவரிக்குக் கீழே நிறுவனத்தின் பெயரும் 'கிஜுகெ' என்ற சொல்லும் எழுதுங்கள். 'இன்னாரின் பொறுப்பில்' என்று பொருள். அதன்பின் கலைஞரின் பெயரோடு 'ஸம' சேர்க்க வேண்டும். 'ஸன்' போதாது, உறையில் மரியாதைக்குரிய வடிவம் 'ஸம'தான். உணவு, பணம் எதுவும் உள்ளே வேண்டாம். எளிய ஜப்பானிய வாக்கியங்களில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, எந்தப் பாடலின் எந்த இடம் பிடித்தது என்று குறிப்பிடுங்கள். உங்கள் பெயரைக் கதகனாவிலும் எழுதினால் படிப்பவர் அதைச் சரியாக உச்சரிப்பார்.